நல்லூர் விரதம் பிடித்த சிலந்தி

கொக்குவில்,
1993, நல்லூர்த் திருவிழாக் காலம்.

என்றும் மதிப்புக்குரிய தம்பி நமசிவாயம் அறிவது,

நல்லூர்க் கந்தன் கிருபையால் நீங்கள் கொழும்பில் தேகசுகத்தோடு இருந்து ஆராய்ச்சிப் படிப்பைக் குறைவின்றி நடத்துவீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், மனைவி பாலேஸ்வரி, உங்களுக்கென்று நிச்சயித்த எங்கள் மகள் மீனாம்பிகை ஆகிய மூவரும் சுகம். நால்வரும் சுகம் என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன். அப்படி எழுத முடியாமல் போனதற்காகவே இந்தக் கடிதம். நின்றுகொண்டு வாசிக்கிறீர்களானால் தயவுசெய்து ஒரு கதிரையில் இருந்துகொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் சிலந்தி காலமாகிவிட்டது.

நீங்கள் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போவதற்கு முதல்நாள் உடுப்பிட்டியிலிருந்து சைக்கிளில் வந்து, உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்றைக் கண்ணாடிப் போத்தலோடு என் கையில் தந்தபோது நான் சிரித்துக்கொண்டு வாங்கினேன் அல்லவா, அது சிரிப்பில்லை, பயம். வன்னியிலிருந்து வந்த விறகுக் கட்டுக்குள் அகப்பட்டது என்றீர்கள். இதைப் படகில் கொண்டுபோனால் சனம் கடலுக்குள் குதிக்கும் என்றீர்கள். கால் முழுக்க மயிரும் பட்டை பட்டையாய் வரியும் இருந்ததைப் பார்த்தபோது, நானும் குதிக்கிற ஆட்களோடு சேர்ந்திருப்பேன் என்றுதான் நினைத்தேன். "மாமா, கிழமைக்கு ரண்டு கரப்பொத்தான் போடுங்கோ. மூடியைத் திறந்தால் மறக்காமல் பூட்டுங்கோ. வேறை ஒரு கரைச்சலும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கொக்குவில் ஸ்ரேசன் மாஸ்ரராய் இருந்த காலத்தில் இதைவிடச் சிக்கலான கட்டளைகளை வாங்கி, ஒரு ரயிலை இன்னொரு ரயிலோடு முட்டவிடாமல் அனுப்பியவன் நான். ஒரு சிலந்தி விஷயத்தில் தவறிவிட்டேனே என்பதுதான் மனதைத் தின்கிறது.

முதல் கிழமை போத்தல் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. பிறகு பழகிவிட்டது. ரயிலும் இல்லை, கரண்டும் இல்லை, ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து டைனமோவில் கேட்கவேண்டும், அதற்கு என் முழங்கால் சம்மதிக்காது. ஆகவே பின்னேரங்களில் போத்தலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருப்பேன். அது ஒரு காலைத் தூக்கி வைக்கும், நான் வெற்றிலை மடிப்பேன், அது இன்னொரு காலைத் தூக்கி வைக்கும், இப்படியே பொழுதுபடும். எப்போதிருந்து அதை 'அவர்' என்று சொல்லத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. மீனாம்பிகைதான் கண்டுபிடித்துச் சிரித்தாள். உங்களுக்கு ஒரு வரி எழுத வெட்கப்படுகிற பிள்ளை, அந்தப் போத்தலை நாள் தவறாமல் துடைத்துத் துடைத்து, கடைசியில் கண்ணாடி இருக்கிறதோ இல்லையோ என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் நல்லூரில் கொடியேறியது. எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். கொடியேறினால் மச்சம் இல்லை. மீனோ முட்டையோ படலை தாண்டி வராது. மச்சச் சட்டிகளைக் கழுவிக் கோடிப்பக்கத்தில் கவிழ்த்துவிட்டு, வீடு முழுக்கக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்ற பாலேஸ்வரிக்கு முன்னால், கையில் ஒரு கரப்பொத்தானோடு நான் போய் நின்றேன்.

"உது என்னப்பா கையிலை?"

"அவருக்குச் சாப்பாடு."

"கொடியேறின வீட்டுக்குள்ளை கரப்பொத்தானோ! கொண்டுபோய் வெளியிலை விடுங்கோ. இந்த வீட்டிலை இருக்கிற ஆரெண்டாலும் தீர்த்தம் முடியுமட்டும் சைவம்தான்."

"அவர் சைவம் சாப்பிடமாட்டாரடி."

"பசிச்சால் சாப்பிடுவார்."

ஸ்ரேசனில் சிக்னல் என் கையில் இருந்தது, வீட்டில் அது அவள் கையில். ஊறப்போட்ட பயறு வைத்தாள். கதலிப்பழத்தில் ஒரு துண்டு வைத்தாள். இடியப்பத்தில் ஒரு இழையை இறக்கியபோது மட்டும் அவர் ஒரு காலால் தொட்டுப் பார்த்தார், வேறு யாரோ பின்னிய வலை என்று நினைத்தாரோ என்னவோ, பின்வாங்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கிணற்றடியில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக் களவாகப் போட்டேன். அவர் அதையும் தொடவில்லை. அது அவருடைய முதுகில் ஏறிச் சௌகரியமாக இருந்ததைப் பாலேஸ்வரி வந்து பார்த்துவிட்டாள். எனக்குப் பேச்சு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்தால், அவள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

"பாத்தியளே! கிட்ட வந்த சீவனையும் தொடாமல் விரதம் பிடிக்குது!"

பக்கத்து வீட்டுக் கனகரத்தினம் அண்ணையைத் தெரியுமல்லவா, கேளாமலே எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லுகிற மனிதர். அவரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "முற்பிறப்பிலை ஆரோ பெரிய அடியார்" என்றுவிட்டார். அதன் பிறகு கோயிலுக்குப் போகிற சனம் எங்கள் படலையைத் திறந்து உள்ளே வந்து போத்தலைப் பார்த்துவிட்டுப் போகத் தொடங்கியது. சிலந்தி என்றால் அலறுகிற பாலேஸ்வரி, போத்தலுக்கு வெளியே மூன்று குறி திருநீறு பூசினாள். நீங்கள் சொன்னது விரதமில்லை, கிழமைக்கு இரண்டு கரப்பொத்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வந்த சனம் எங்கள் வீட்டை மெச்சியது எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது, தம்பி.

வெள்ளிக்கிழமை வந்தது. வீடெல்லாம் சாம்பிராணி காட்டியவள், அடியாரை விடலாமோ என்று போத்தல் மூடியைத் திறந்து அவருக்கும் நன்றாகக் காட்டினாள். மத்தியானம் மீனாம்பிகை கத்தின சத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் மல்லாந்து கிடக்கிறார், எட்டுக் காலும் மேலே. புகை வெளியேறட்டும் என்று மூடியைத் திறந்தபடி விட்டு விசிறிக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பார்த்து ஹெலி வந்து சுடத் தொடங்க, போட்டது போட்டபடி கோடிப்பக்கத்துப் பங்கர்க் குழிக்குள் ஓடினோம். திரும்பி வந்தும் ஒருவருக்கும் போத்தலுக்குக் கிட்டப் போக மனம் வரவில்லை. விடிந்து பார்த்தால் அவர் சுருங்கி ஒரு மூலையில் கிடந்தார். உள்ளங்கையில் எடுத்தேன், வெங்காயச் சருகளவு பாரம்கூட இல்லை. "விரதத்திலை வத்தின உடம்பு, அப்பிடித்தான் இருக்கும்" என்றார் கனகரத்தினம் அண்ணை.

தேசிக்காய் மரத்தடியில் அடக்கம் செய்தோம். அண்ணை ஒரு தேவாரம் பாடினார். தேருக்குப் போகலாமோ, சாவீட்டுத் துடக்கு உண்டோ என்று பாலேஸ்வரி கேட்டாள். இறந்தவர் மாப்பிள்ளை பகுதி ஆள், கலியாண எழுத்து இன்னும் முடியவில்லை, ஆகவே துடக்கு இல்லை என்று அண்ணை தீர்த்துவைத்தார். எழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் மீனாம்பிகை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாயோடு கதைக்கிறாளில்லை. என்னிடம் மட்டும், "அப்பா, அவர் ஒரேயொரு பொருளை நம்பித் தந்திட்டுப் போனவர். அதையே காப்பாத்தத் தெரியாத வீட்டிலை இனிப் பொம்பிளை எடுப்பாரோ?" என்று கேட்டாள். தாலிப் பொன்னுருக்குக்கு நாள் பார்த்து வைத்திருக்கிறோம்.

தம்பி, சாம்பிராணி காட்டியது தாய், பார்த்துக்கொண்டு நின்றது தகப்பன். பிள்ளை போத்தலைத் துடைத்ததைத் தவிர ஒரு பிழையும் செய்யவில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் நான் குறை நினைக்கமாட்டேன். ஆனால் அதை எனக்கு எழுதுங்கள், அவளுக்கு எழுதவேண்டாம். பின்னேரத்தில் கதிரையைப் போட்டு இருந்து பழகிவிட்டேன். வெறும் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள், கண் கலங்குகிறது.

நாளைக்குக் கொழும்புக்குப் போகிற லூர்த்தம்மா ரீச்சரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். எங்கே இருந்தாலும் நல்லூரான் உங்களைக் கைவிடமாட்டான். நீங்களும் எங்களைக் கைவிடாதிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா என்று அழைக்கப்பட இனியும் தகுதி உண்டோ என்று தெரியாத
சோமசேகரம்.

பி.கு.: மேலே உள்ள எதையும் வாசிக்கவேண்டாம். வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதக் கடதாசி இல்லை, இதுவே மீனாம்பிகையின் பழைய கொப்பியின் கடைசி ஒற்றை.

கடிதத்தை மடிக்கும்போது பொம்பர் வந்தது. பங்கருக்குள் பாய்ந்து விளக்கைத் தூக்கினால், மேலே தென்னங்குற்றியில் அவர் இருக்கிறார்! முந்தியதைவிடப் பெரிய ஆளாக, புதுச்சட்டை போட்ட மாதிரிப் பளபளவென்று இருக்கிறார். வெளியே பொம்பர், உள்ளே அவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு உள்ளேயே இருந்தோம். பிறகு தேசிக்காய் மரத்தடியைத் தோண்டிப் பார்த்தேன். தேவாரம் பாடிப் புதைத்தது, பாம்பு செட்டை கழற்றுகிற மாதிரி அவர் கழற்றிப் போட்ட வெறும் தோல்.

மீனாம்பிகை கதவைத் திறந்துவிட்டாள், தாயோடும் கதைக்கிறாள். பாலேஸ்வரியைக் காணவில்லை என்று தேடினால், விறகுக் கும்பிக்குப் பின்னாலிருந்து கரப்பொத்தான் ஒன்றை மீசையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "இன்னும் தீர்த்தம் முடியேல்லையேடி" என்றேன். "அது உங்களுக்கும் எனக்கும். அவர் விரதம் முடிச்சிட்டார். பங்கர் வீட்டோடை சேராது, தள்ளி நில்லுங்கோ" என்று இறங்கிப் போனாள்.

பொன்னுருக்கு சொன்ன நாளிலேயே நடக்கட்டும். ஒன்றை மட்டும் உடனே எழுதுங்கள். அவர் இன்னும் வளருவாரா? மாரிக்கு முன் பங்கரை அகட்டவேண்டும். இப்போதே நாங்கள் நாலு பேர், நீங்களும் வந்தால் ஐந்து.