‘போதும்’ என்றால் போகும் வண்டி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நானும் அம்மாவும் நலம். இடது முழங்காலைத் தவிர்த்து அப்பாவும் நலம். நீங்களும் சித்தியும், நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் மூன்று மாடியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து அப்பாவிடம் பேச வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். என்னை ரோபோடிக்ஸிலிருந்து சிவிலுக்கு மாற்றச் சொல்லும் விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கையெழுத்துதான் பாக்கி. “ஒரு வருஷம் படிக்கட்டும்ண்ணா, அவன் செஞ்ச மிஷினை உங்க கண் முன்னாடி ஓட்டிக் காட்டலேன்னா அப்புறம் மாத்திக்கலாம்” என்று போன வருஷம் எனக்காக ஜாமீன் நின்றவர் நீங்கள். ஓட்டிக் காட்டினேன். அதுதான் பிரச்சினை.

நான் செய்தது மூன்று சக்கர வண்டி. முழங்கால் உயரம்தான் இருக்கும். மேலே தட்டு வைத்தால் ஆஸ்பத்திரியில் மருந்து சுமக்கும். தமிழில் நான்கு வார்த்தை தெரியும்: போ, வா, நில், திரும்பு. முதல் சோதனையில், சொன்ன பிறகு நான்கு நொடி யோசித்துவிட்டு நகர்ந்தது. “இதுக்குள்ள நோயாளியே எழுந்து போய் மருந்தை எடுத்துப்பாரே” என்றார் துறைத் தலைவி. சரி என்று ஒரு வேலை செய்தேன். முழு வார்த்தைக்கும் காத்திராமல் முதல் எழுத்தைக் கேட்டதுமே கிளம்பும்படி மாற்றினேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமை எனக்கே கிடையாது, அதற்கு எதற்கு என்று நினைத்தேன். ஆய்வகத்தில் நானும் அதுவும் மட்டும் இருந்தவரை பிரமாதமாக ஓடியது.

பெற்றோரை அழைத்த நாளன்று தட்டில் ஆறு டம்ளர் தண்ணீர் வைத்தேன். “போ” என்றேன். போனது. எதிரே துறைத் தலைவி நின்றிருந்தார். இனிமேல் நடந்ததற்கு நீங்கள் அப்பாவின் தொழிலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ‘நிறுத்து’ என்று மட்டும் சொல்லவே மாட்டார். சொன்னால் கற்றுக்கொள்கிறவர் பிரேக்கை ஒரே மிதியாக மிதிப்பார், பின்னால் வருகிறவன் மோதுவான். அதனால் எப்போதும் பதமாக “போதும்... போதும்...” என்பார். அன்றைக்கும் அதையேதான் சொன்னார். என் வண்டிக்கு முதல் எழுத்து போதும். ஒவ்வொரு ‘போதும்’க்கும் வேகம் கூட்டியது. நான் “நில்” என்று கத்தினேன், நின்றது. நின்றதே என்ற நிம்மதியில் அப்பா “போதும்ப்பா” என்றார், மறுபடி கிளம்பியது. அப்பா குறுக்கே பாய்ந்து முழங்காலால் தடுத்தார். தண்ணீர் முழுக்கத் துறைத் தலைவியின் கையிலிருந்த மதிப்பெண் தாளில். ஆய்வக உதவியாளர், நாங்கள் ஸ்குரூ அண்ணன் என்று கூப்பிடுவோமே அவர், “வாங்க மேடம், இந்தப் பக்கம் வாங்க” என்று அவரை இழுத்தார். மேடத்தோடு வண்டியும் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா “போச்சு, மானமே போச்சு” என்றார். அதுவும் போனது. அணைக்கும் சுவிட்சை நான் அடியில் வைத்திருந்தேன், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கடைசியில் துறைத் தலைவி உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்டினார். கூடமே வாயடைத்து நின்றது, எந்தச் சொல்லும் காதில் விழாவிட்டால் நிற்கும்படி எழுதியிருந்ததால் வண்டியும் நின்றது. நான் குனிந்து சுவிட்சைத் தொடப்போகிறேன், அந்த நேரம் பார்த்து அப்பா மன்னிப்புக் கேட்கிற குரலில், மெதுவாகத்தான், “போகட்டும் விடுங்க மேடம், சின்னப் பையன்” என்றார்.

கதவு வரை போய்விட்டது சித்தப்பா.

இதில் இயந்திரத்தின் தப்பு என்ன? சொன்னதைக் கேட்டது. தப்பு நான் எழுதிய பத்து வரியில். ஒரு சாயங்காலத்தில் சரிசெய்துவிடுவேன். மதிப்பெண்கூடக் குறையவில்லை, தாள் நனைந்ததால் மேடம் புதிதாக ஒன்று எழுதினார், முதல் தாளைவிட நான்கு அதிகம். இதை அப்பாவிடம் சொன்னால் காதில் வாங்குவதில்லை. “பில்டிங்னா நகராதுடா, ஒரு இடத்துல நிக்கும்” என்கிறார். எனக்கு இந்தப் படிப்பு பிடித்திருக்கிறது. காலையில் எழுந்ததும் கல்லூரிக்குப் போகத் தோன்றுகிறது, நான் பள்ளிக்கூடம் போன லட்சணம் உங்களுக்கே தெரியும். நீங்கள் பேசாவிட்டால் நான் சிவில் படித்து நேரே உங்களிடம்தான் வேலைக்கு வருவேன். வந்தால் ஒவ்வொரு கொத்தனார் பின்னாலும் கடிகாரத்தோடு நிற்பேன். யோசித்துக்கொள்ளவும்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் மூன்றாவது மாடிக்கு விரிசல் விழாதிருக்க என் வாழ்த்து.

இப்படிக்கு,
இன்றுவரை ரோபோடிக்ஸ் மாணவனான
உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அப்பா அறைக்குள் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, “ஏன்டா, போன்னா அது யோசிக்காமப் போகுமா?” என்றார்.

“போகும்ப்பா.”

“பயப்படாதா?”

“பயப்படாது.”

“பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சா கை நடுங்குமா?”

“கையே கிடையாதுப்பா.”

மேஜையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்தார். “இத்தனை வருஷத்துல சொன்ன உடனே நகர்ந்தது இது ஒண்ணுதான்டா” என்றார். பிறகு விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டு, காருக்குள் தான் சொல்லும் வார்த்தைகளை எல்லாம் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினார். நாற்பத்து மூன்று வார்த்தைகள். ஐந்தை எந்தப் பேராசிரியர் முன்னாலும் வாசிக்க முடியாது. வண்டி அத்தனையையும் கற்க வேண்டுமாம். தினமும் காலை ஆறு மணிக்கு அவரே ஆய்வகத்துக்கு வந்து நடத்துவாராம், மேடத்திடம் போனில் அனுமதியும் வாங்கிவிட்டார். நான்கு வருஷம் பத்தாது, மேலே இரண்டு வருஷமும் இதையே படி என்கிறார்.

ஆகவே சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும். அப்பாவை எப்படியாவது தடுக்க வேண்டும். முடியாது என்றால், உங்கள் மூன்றாவது மாடியில் எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்த்து வைக்கவும்.