மூன்று ரைஃபிள்களும் ஒரு சிவப்புச் சீட்டும்

மொண்டானா,
அக்டோபர் 17, செவ்வாய்.

அன்புள்ள தம்பி டெல்மருக்கு, அண்ணன் ராய்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி அர்லீனும் நாயும் நலம். நீ நலமாக இருப்பதை உன் மனைவி நோரீன் தொலைபேசியில் அர்லீனிடம் சொல்ல, அர்லீன் என்னிடம் சொன்னாள். ஆகவே தனியாக விசாரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை நான் கோபத்தில் எழுதவில்லை. முப்பத்தொரு வருடம் இந்த மாவட்டத்தின் தராசுகளையும் பெட்ரோல் பம்புகளையும் சோதித்து முத்திரை வைத்தவன் நான். எந்தக் கடைக்காரரிடமும் கோபப்பட்டதில்லை. பழுதான தராசில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். கட்டியது கட்டியதுதான். சரி பார்க்கும் அதிகாரம் உள்ளவர் வந்து அவிழ்க்கும் வரை அது அங்கேயே தொங்கும். அந்த மனநிலையில்தான் இதையும் எழுதுகிறேன்.

போன வருடம் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை நடந்ததை நீ ஊர் முழுக்க உன் பக்கத்திலிருந்தே சொல்லி வருகிறாய். நடந்தது இதுதான். அப்பா ரிவால்வரை எனக்கும் லீவர் ரைஃபிளை உனக்கும் விட்டுப் போனார். இரண்டுக்கும் ஒரே நாற்பத்து நாலு மேக்னம் தோட்டா. இருவரும் சேர்ந்தே காட்டுக்குப் போகட்டும் என்றுதான் அப்படிப் பிரித்தார் என்று அம்மா சொல்வாள். அதனால் இரண்டுக்கும் பொருந்துகிற தோட்டாவை, பித்தளைக் கூட்டைத் தேய்ப்பதிலிருந்து ஈயக்குண்டை உட்கார வைப்பது வரை, நானே என் மேசையில் செய்தேன். ஒவ்வொன்றையும் காலிப்பரின் வாயில் கவ்வ வைத்து, முள்ளைப் பார்த்து நீளம் அளந்தேன். ஒவ்வொன்றும் தோட்டா செய்முறைப் புத்தகத்தில் போட்ட நீளம், மயிரிழை கூடவில்லை. அறுபது அடி தள்ளி ஐந்து கிளைக் கொம்போடு அந்த மான் நிற்க, தோட்டாவை ஏற்ற நீ லீவரை இழுத்தாய், அது பாதியில் சிக்கிக்கொண்டது. நீ முக்கினாய், முனகினாய், என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாய்.

“என்னண்ணே தோட்டா செஞ்சிருக்க? மேலயும் ஏறல, கீழயும் எறங்கல!”

“தோட்டா சரியாத்தான்டா இருக்கு. பாரு” என்று சொல்லி, அதே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாவை என் ரிவால்வரில் போட்டுப் பக்கத்திலிருந்த மரக்கட்டையில் சுட்டுக் காட்டினேன். அருமையாக வெடித்தது. மான் போய்விட்டது. அது வேறு விஷயம். ஒரு பொருளைப் பழுது என்று ஒருவர் சொன்னால் உடனே சோதித்துக் காட்டுவது என் தொழில் பழக்கம். அதற்கு நீ, “மானைச் சுட வந்தியா, வெறகு சுட வந்தியா?” என்று கத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். நான் நாலு மைல் நடந்தேன். பதினோரு மாதமாக நீ என்னோடு பேசவில்லை. ஈஸ்டர் விருந்தில் உப்புக்குடுவையை நோரீன் வழியாகக் கேட்டாய்.

குண்டின் இடுப்பில் ஒரு பள்ளக்கோடு இருக்கிறது, கூட்டின் வாய் அதில் வந்து கவ்வ வேண்டும், என் தோட்டாவில் அந்தக் கோடு வெளியே தெரிகிறது என்று நீ அன்று சொன்னாய். கோடு என்பது காலிப்பர் இல்லாதவர்களுக்கு. என்னிடம் காலிப்பர் இருக்கிறது.

இருந்தாலும் நடுநிலை தவறக் கூடாது என்று இந்தக் கோடையில் துப்பாக்கி பழுது பார்க்கும் டூயியிடம் உன்னுடையதைப் போன்ற ரைஃபிளைக் கேட்டு வாங்கி என் தோட்டாவைப் போட்டேன். சிக்கியது. சுடுதிடலில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்ததில் போட்டேன், அதிலும் சிக்கி அவர் கட்டைவிரல் நகம் போய்விட்டது. ஆக, இந்த மாவட்டத்தில் குறைந்தது மூன்று ரைஃபிள்கள் பழுது, மூன்றும் ஒரே மாதிரிப் பழுது. ஒரு தெருவிலுள்ள தராசெல்லாம் ஒரே அளவு ஏமாற்றியதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் ஆச்சரியப்படவில்லை. அர்லீன்தான் துணி மடித்துக்கொண்டே, “மூணும் தப்புன்னா அளக்குறது தப்பா இருக்காதா?” என்றாள். அவளுக்கு அளவியல் தெரியாது.

போன வருடம் செப்டம்பரில், வேட்டைக்கு முந்தி, நீ அனுப்பிய ஹக்கிள்பெரிப் பழ ஜாம் பாட்டில் விளிம்புக்குக் கால் அங்குலம் குறைவு என்று காலிப்பரை உள்ளே விட்டு அளந்து உனக்கு எழுதியதை நீ மனதில் வைத்திருக்கலாம். அதுவும் கோபத்தில் எழுதியதல்ல.

இந்தச் சனிக்கிழமையோடு வேட்டைக்காலம் தொடங்குகிறது. எனக்கு அறுபத்தெட்டு, உனக்கு அறுபத்தைந்து. தனியாகப் போக எனக்கு மனமில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆகவே இத்துடன் ஒரு சிவப்புச் சீட்டு வைத்திருக்கிறேன். அதை உன் ரைஃபிளில் கட்டி, பழுது ரைஃபிளில்தான் என்று இரண்டு வரி எழுதி அனுப்பு. பிறகு எல்லாம் பழையபடி.

நோரீனுக்கு எங்கள் அன்பு. உன் முழங்காலுக்குக் கடவுள் பலம் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ராய்ஸ்

பின்குறிப்பு (வியாழன்): உறையை ஒட்டும் முன், சாட்சிக்கு ஒரு நீளத்தைப் படிக்கச் சொல்லி அர்லீனிடம் காலிப்பரைக் கொடுத்தேன். அவள் எண்ணைப் படிக்கவில்லை. காலிப்பர் வாயின் நுனியை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்து, “இது டெல்மரோட ஜாம்ல?” என்றாள். ஒரு வருடமாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. வாய் மூடியதாக நினைத்து அதன்மேல்தான் நான் முள்ளைச் சுழியத்தில் வைத்திருக்கிறேன், தோட்டாவை வைத்து அளந்ததோ ஜாம் படாத உள்பக்கத்தில். துடைத்துவிட்டு அளந்தேன். என் தோட்டா ஒவ்வொன்றும் அந்த ஜாம் கனத்துக்கு நீளம். ரிவால்வர் பொறுத்துக்கொண்டது, ரைஃபிள் பொறுக்கவில்லை.

செய்து வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு தோட்டாவையும் பிரித்துவிட்டேன். ஒரு பெட்டிக்கு மட்டும் நீ சொன்ன கோட்டில் குண்டை வைத்து மறுபடி செய்தேன். டூயியின் ரைஃபிளில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. தப்பு என்னுடையது. அந்த மானுக்கும் சேர்த்து மன்னித்துவிடு.

இரண்டு வரி எழுத வேண்டாம். உறையில் சீட்டைத் தேடாதே. அர்லீன் அதை எடுத்து என் வேட்டைச் சட்டைப் பொத்தானில் கட்டிவிட்டாள், அவிழ்க்கவும் விடமாட்டேன் என்கிறாள். சனிக்கிழமை காலை அதோடுதான் உன் வாசலில் நிற்பேன். அவிழ்க்கும் அதிகாரம் உனக்கு.