முதல் தரக் குமாலாக்

வெள்ளிக்கிழமைக்குள் உலகம் அழியப் போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால், எங்கள் ஊரில் தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, வியாழக்கிழமை சந்தை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டிருப்பார்கள். வந்த சேதி அப்படிப்பட்டதல்ல. வெள்ளிக்கிழமைக்குள் பீன்ஸ் விலை கிலோ எழுபதிலிருந்து நாற்பது சோமுக்கு விழப் போகிறது என்று சேதி வந்தது. ஊர் நடுங்கிவிட்டது.

எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் பீன்ஸ்தான் விளைகிறது. அதை நாங்கள் தின்பதில்லை. காயவைத்து, அடித்து, மூட்டை கட்டித் துருக்கிக்கு அனுப்புகிறோம். அந்த மூட்டையில்தான் எங்கள் கல்யாணம், கரி, காலணி எல்லாம் இருக்கின்றன. ஆகவே விலை விழும் என்று சொல்பவன் எங்களுக்குச் சாமானிய ஆளாக இருக்க முடியாது. சொன்னது ஆளே இல்லை என்பதுதான் விசேஷம். சொன்னது செயற்கை நுண்ணறிவு.

அதன் சொந்தக்காரன் கல்மாத். போன வருஷம் வரை தலாஸ் சந்தையில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்திய வருஷம் கண்ணுக்குத் தெரியாத நாணயம் விற்றான். வாங்கியவர்களின் பணமும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இந்த அக்டோபரில் எங்கள் ஊர் எல்லையில் ஒரு கம்பளக் கூடாரம் போட்டான். உள்ளே ஒரு கணினி, அதன் மேல் கழுத்தை வளைத்துக் குனிந்து பார்க்கும் ஒரு கேமரா, அடியில் ஒரு வெள்ளைத் தட்டு. வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி. உள்ளே இயந்திரம் சொல்வதை வெளியே வரிசையில் நிற்கிறவர்களும் கேட்கலாம். ஒளிவுமறைவு கிடையாதாம்.

கேள்விக்கு ஐந்நூறு சோம். வாசலில் பலகை: 'ஒவ்வொருவரும் நாற்பத்தொரு குமாலாக்கைச் சொந்த வீட்டிலிருந்து கொண்டு வரவும். கை படாமல் தட்டில் கொட்டவும்.'

நாற்பத்தொரு கொட்டையைப் பரப்பிக் குறி பார்ப்பது எங்களில் வெகு காலத்து வழக்கம். அந்தக் கொட்டைக்குக் குமாலாக் என்று பெயர். ஆட்டுப் புழுக்கைக்கும் எங்கள் பாஷையில் அதே பெயர்தான். இப்படிப் பெயர் வைத்த முன்னோர்கள் நம்மைவிட விவரமானவர்கள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை. பீன்ஸ் ஊரில் குமாலாக் என்றால் பீன்ஸ்தானே என்று ஆளுக்கு நாற்பத்தொன்றை எண்ணி எடுத்துக்கொண்டு ஓடினோம்.

ஓடினோம் என்றா சொன்னேன்? என் மினிபஸ்ஸில் போனோம். நான் துராத், தலாஸுக்கும் எங்கள் ஊருக்கும் வண்டி ஓட்டுகிறவன். பதினாறு இருக்கையில் இருபத்திரண்டு பேரை அடைத்துக் கூடாரத்துக்கு ஆறு நடை அடித்தேன். அந்த வாரம் என்னிடம் யாராவது பகுத்தறிவைப் பற்றிக் கேட்டிருந்தால், இறங்கி அடுத்த வண்டியில் வரச் சொல்லியிருப்பேன்.

வண்டிக்குள் நடந்த பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். டாலர் ஏன் ஏறுகிறது என்பதற்கு ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார் மூன்று காரணம் சொன்னார். போன வாரம் டாலர் இறங்கியதற்கும் அவர் அதே மூன்று காரணங்களைத்தான் சொல்லியிருந்தார். சீனாக்காரன் ரயில் பாதை போடுவதே நம் பீன்ஸைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோகத்தான் என்றாள் ஒருத்தி. துருக்கிக்காரர்கள் இனி பீன்ஸ் தின்னமாட்டார்கள், மாத்திரையில் வந்துவிட்டது என்றான் இன்னொருவன். எங்கே படித்தாய் என்று கேட்டால், போனில் வந்தது என்றான். போனில் வந்தது என்றால் எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது.

கல்மாத் கூடாரத்துக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். பெயர், எத்தனை மூட்டை, வீட்டில் என்ன தேவை என்று கேட்டுக்கொள்வான். ஆளை உள்ளே அனுப்பிவிட்டு, குனிந்து போனில் விடாமல் தட்டிக்கொண்டிருப்பான். சர்வரோடு பேசுகிறானாம். இது எப்படி வேலை செய்கிறது என்று கணக்கு வாத்தியார் கேட்டார்.

"மேல சாட்டிலைட், கீழ முன்னோர்கள், நடுவுல வைஃபை" என்றான் கல்மாத்.

வாத்தியார் தலையை ஆட்டினார். முப்பது வருஷம் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த தலை அது.

நானும் உள்ளே போனேன். நாற்பத்தொன்றைத் தட்டில் கொட்டினேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், வழிகாட்டும் கருவியில் இடப்பக்கம் திரும்பச் சொல்லும் அதே குரல், சொன்னது: துராத், உங்கள் பீன்ஸ் வெள்ளை, முதல் தரம், சமையலுக்கு உகந்தது. வெள்ளிக்கிழமை விலை நாற்பது. இன்றே விற்றுவிடுங்கள். என் பெயரைக்கூட அது சொன்னதும் எனக்குப் புல்லரித்தது. இரண்டு நிமிஷம் முன்னால்தான் அந்தப் பெயரை நானே கல்மாத்திடம் சொல்லியிருந்தேன் என்பது, பாவம், ரோமத்துக்குத் தெரியவில்லை.

கூடாரத்துக்கு எதிரிலேயே ஒரு லாரி தராசோடு நின்றது. தலாஸில் கிடங்கு வைத்திருக்கும் அசில்பெக்கின் லாரி. அறுபது சோம், ரொக்கம். வெள்ளிக்கிழமை நாற்பது என்றால் இன்றைக்கு அறுபது லாபம்தானே. முப்பது மூட்டையை ஏற்றிவிட்டு, அசில்பெக் எவ்வளவு நல்ல மனுஷன், விலை விழப் போவது தெரிந்தும் வாங்குகிறானே என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

அனார்கானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்காரி, ஊர் ஆடுகளுக்கு ஊசி போடுகிறவள். அவளும் புருஷன் ஷேர்அலியும் மூன்று வருஷமாக ஒரு வீடு கட்டுகிறார்கள். சுவர் நிற்கிறது, கூரை இல்லை. கொழுந்தன் வீட்டின் ஓர் அறையில் ஐந்து பேர் படுத்துக்கொள்கிறார்கள். இந்த வருஷ பீன்ஸ் முழுவதும் அந்தக் கூரைக்குத்தான். எழுபதுக்குப் போனால் தகரமும் மரமும் வாங்கிவிடலாம். அறுபதுக்குப் போனால் மரம் மட்டும். நாற்பதுக்குப் போனால் இன்னொரு குளிர்காலம் கொழுந்தன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மலையில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது.

ஷேர்அலி மரமாவது மிஞ்சட்டும் என்றான். மூட்டைகளை என் வண்டிக்கூரையில் கட்டினான். அனார்கான் மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சின்ன உறுத்தல். பக்கத்து வீட்டில் விளைந்தது கறுப்பு பீன்ஸ். மேலத் தெருவில் ஒருவனுக்கு ஆலங்கட்டி விழுந்து பாதி சொத்தை. மூன்றாமவன் விதைத்ததே புள்ளி பீன்ஸ். மூன்று பேருக்கும் இயந்திரம் வெள்ளை, முதல் தரம் என்றே சொல்லியிருந்தது.

ஷேர்அலிக்குக் கோபம் வந்துவிட்டது. "நுண்ணறிவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ? நீ ஆட்டுக்கு ஊசி போடுறவ."

"ஆடு பொய் சொல்லாதுங்க. அதோட பழகிட்டேன், அதான்" என்றாள் அவள். தானே உள்ளே போய் ஒரு தடவை கேட்கிறேன், அதுவரை மூட்டையை லாரியில் ஏற்ற வேண்டாம் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பகல். வரிசையில் இருநூறு பேர் இருப்பார்கள். சம்சா விற்கிறவன் இரண்டாவது அடுப்பு வைத்துவிட்டான். வாக்குக் கொடுத்த ஷேர்அலி, அவள் உள்ளே போன மறு நொடியே லாரியில் மூட்டையை ஏற்ற ஆரம்பித்தான். அனார்கான் துணிப்பையை அவிழ்த்துத் தட்டில் கொட்டும் சத்தம் கேட்டது. கல்மாத் குனிந்து தட்டினான். ஒலிபெருக்கி பேசியது.

அனார்கான், உங்கள் பீன்ஸ் வெள்ளை, முதல் தரம். ஒரு ராத்திரி ஊறவைத்து ஆட்டுக்கறியோடு வேகவைத்தால் மிகவும் ருசியாக இருக்கும். வெள்ளிக்கிழமை விலை நாற்பது. இன்றே விற்றுவிடுங்கள்.

அவள் தட்டோடு வெளியே வந்தாள். சம்சாக்காரனின் மேஜையில் அதை வைத்தாள். சம்சாக்காரன் முதலில் பார்த்தான்; தன் கூடையை எடுத்துத் தூரமாக வைத்தான். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். தட்டில் நாற்பத்தொரு ஆட்டுப் புழுக்கைகள். நன்றாகக் காய்ந்தவை, ஒரே அளவானவை.

கல்மாத் எழுந்து வந்தான். "என்னக்கா இது?"

"குமாலாக், தம்பி."

"பீன்ஸ்தானே கொண்டு வரணும்க்கா."

"பலகையில பீன்ஸ்னு இல்லையே. சொந்த வீட்டுக் குமாலாக்னுதானே போட்டிருக்கு? எங்க வீட்டு ஆடுதான். நாப்பத்தொண்ணு எண்ணித்தான் கொண்டாந்தேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அனார்கான் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பீன்ஸ் வாங்குகிறவன் மூட்டையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பான். ஈரம் இருந்தால் நசுங்கும், காய்ந்திருந்தால் தெறிக்கும். கடிக்காமல் இங்கே வியாபாரம் இல்லை. அவள் தட்டைக் கல்மாத் பக்கம் நகர்த்தினாள்.

"முதல் தரம்னு உங்க மெஷின் சொல்லிருச்சு. ஒண்ணே ஒண்ணு கடிச்சுப் பாருங்க தம்பி."

கல்மாத் கடிக்கவில்லை. ஆனால் அவன் லேசுப்பட்டவன் இல்லை. இயந்திரம் தட்டைப் பார்ப்பதே இல்லை, வந்தவரின் வயலைப் பார்க்கிறது, தட்டு வெறும் மரியாதைக்கு என்றான். இதைக் கேட்டதும் கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. கணக்கு வாத்தியார், அதுதானே பார்த்தேன் என்றார். புழுக்கையை பீன்ஸ் என்று சொன்ன ஓர் இயந்திரத்தைக் காப்பாற்ற மனிதர்கள் இப்படிப் பாடுபடுவதைப் பார்த்து எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. முப்பது மூட்டையை விற்றவன் என்பதால், அந்தத் தலைகளில் ஒன்று என்னுடையதாகவும் இருக்கப் பார்த்தது.

அனார்கான் வாதாடவில்லை. நல்லது, வயலைப் பார்க்கிறதென்றால் வயல் எங்கும் ஓடிவிடாது, இன்னொரு தடவை கேட்போம் என்றாள். ஒரே ஒரு மாற்றம். கல்மாத்தின் போனை அதுவரை துராத், அதாவது நான், வைத்திருக்க வேண்டும்.

"போன் இல்லாம சர்வர் எப்படிக்கா?"

"மேல சாட்டிலைட்டும் கீழ முன்னோரும் இருக்காங்கல்ல. அவங்க போதும்."

கூட்டம் அவனையே பார்த்தது. அவன் போனை என்னிடம் கொடுத்தான். அனார்கான் உள்ளே போய், விலை என்ன ஆகும் என்று கேட்டாள். ஒலிபெருக்கி பேசவில்லை. மறுபடி கேட்டாள். கம்பத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அது ஏதோ சொன்னது, ஒலிபெருக்கி சொல்லவில்லை. ஷேர்அலி லாரியை விட்டிறங்கிக் கூடாரத்துக்குள் போனான். கேமராவின் ஒயரைப் பிடித்துக்கொண்டே தடவிப் போனான். ஒயர் கம்பளத்துக்கு அடியில் போயிற்று. கம்பளத்தைத் தூக்கினான். ஒயர் அங்கேயே முடிந்துவிட்டது. எதிலும் சேரவில்லை. கணினியில் மின்சாரமே இல்லை.

அந்த நேரம் என் கையிலிருந்த போனில் ஒரு குரல்செய்தி வந்தது. அனுப்பியவர் அசில்பெக். என் கட்டைவிரல் தவறிப்போய் அதன் மேல் பட்டுவிட்டது. வேண்டுமென்றேதான் தவறிற்று. அந்த போனோடு ஒலிபெருக்கிக்கு ஒயரில்லாத சொந்தம் இருந்தது. ஆகவே இருநூறு பேரும் கேட்டார்கள்.

"கல்மாத், நாப்பது பத்தலைடா. இன்னும் ரெண்டு லாரி காலியா நிக்குது. நாளைக்கு முப்பதுன்னு சொல்லு. புது வருஷம் வரைக்கும் கிடங்குல போட்டு வச்சா நூறுக்குப் போகும். உன் பங்கு பேசினபடி."

லாரி ஓட்டுநர்தான் முதலில் புரிந்துகொண்டான். வண்டியைக் கிளப்பினான். ஷேர்அலியின் பதினெட்டு மூட்டைகளில் பதினொன்று மேலே இருந்தன. ஷேர்அலி ஓடிப்போய் லாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். நிற்கவில்லை, கத்தவில்லை, உட்கார்ந்தான். அனார்கான் பின்பக்கக் கதவைத் திறந்து மேலே ஏறி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நாங்கள் நாலு பேர் கீழே பிடித்தோம். பதினொன்றும் இறங்கின.

என் முப்பது மூட்டை இறங்கவில்லை. முந்தின நாளே கிடங்குக்குப் போய்விட்டது, கையெழுத்தும் போட்டாயிற்று. ஐந்நூறு சோமையாவது கொடு என்று நாங்கள் கல்மாத்தைச் சூழ்ந்துகொண்டோம். பணம் சர்வரில் இருக்கிறது என்றான் அவன். அப்போதும் ஒருவன், சர்வர் எந்த ஊரில் என்று கேட்டான்.

கல்மாத்தை ஊர்க் காவலர் வந்து கூட்டிப் போன பிறகும் கூட்டம் கலையவில்லை. நூற்றைம்பது பேராவது அனார்கானைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். எல்லோர் முகத்திலும் பழைய பக்தி திரும்ப வந்துகொண்டிருந்தது. கணக்கு வாத்தியார்தான் கேட்டார்.

"அப்ப நீயே சொல்லும்மா. விலை எப்ப ஏறும்?"

"தெரியாது" என்றாள்.

கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. காசு கொடுத்துப் பொய்யைக் கேட்டவர்களுக்கு இலவசமாக வந்த உண்மை சப்பென்று இருந்தது. புழுக்கையை வைத்தே கண்டுபிடித்தாயே, உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, ஒளிக்காதே என்றார்கள். ஒருத்தி ஐந்நூறு சோமை எடுத்து நீட்டியே விட்டாள்.

அனார்கான் அந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு கடைசி மூட்டையைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டே சொன்னாள்.

"சந்தையில போயி விலை கேளுங்க. பக்கத்து ஊர்ல எவ்வளவு விளைஞ்சிருக்குன்னு விசாரிங்க. வாங்குறவன் ஏன் அவசரப்படுறான்னு யோசிங்க. அப்பறம் நீங்களே முடிவு பண்ணுங்க. தப்பாப் போனா உங்க தப்பு. அதுக்காவது யாருக்கும் காசு குடுக்க வேண்டாம்."