மூன்று ஸ்டார் நலம்விரும்பி

காபிக் கடைக்கு வருகிறவர்களில் பல ரகம் உண்டு. கொதிக்கக் கொதிக்கக் கேட்டு வாங்கி, ஆறவைத்துக் குடிப்பவர்கள் ஒரு ரகம். ஒரு காபியை ஒன் பை டூ போடச் சொல்லி, இரண்டு டம்ளரையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவு சரிபார்ப்பவர்கள் ஒரு ரகம். செல்போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடி வந்து, போனால் போகிறதென்று காபியும் சொல்பவர்கள் இன்னொரு ரகம். இவர்களால் எந்தக் கடைக்கும் ஆபத்தில்லை. குடிப்பார்கள், போய்விடுவார்கள். இங்கே நாம் பார்க்கப்போவது போகாத ரகத்தை. இந்த ரகத்துக்கு நலம்விரும்பி என்று பெயர்.

நலம்விரும்பியை அடையாளம் காண்பது எளிது. ஊரே 'அந்தக் கடை' என்பதை அவர் மட்டும் 'நம்ம கடை' என்பார். எதிரில் இருப்பவர் தெலுங்குக்காரர் என்றால் 'மன ஷாப்பே அண்டி' என்பார். வாடகையும் கரண்ட் பில்லும் கடைக்காரர் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றபடி கடை அவருடையதுதான்.

தேவசேனாவின் கடைக்கு வாய்த்தவர் வேதாச்சலம்.

தேவசேனா ஆந்திர எல்லையில் இருக்கிற நகரி என்ற ஊர்க்காரி. வீட்டில் பவர்லூம் ஓடுகிற சத்தத்தில் படித்து, சென்னையில் ஏசி ஓடுகிற சத்தத்தில் வேலை பார்த்து, இரண்டும் வேண்டாமென்று சித்தூரில் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் நாலு மேஜை போட்டு ஒரு காபிக் கடை திறந்தாள். வீட்டில் ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார்கள். அம்மா கமலம்மா போனில் அதை ஞாபகப்படுத்தத் தவறுவதில்லை.

"அடுத்த உகாதி வரைக்கும் பாரு. ஓடலைன்னா மூடிக்கினு வந்து சேரு. நாயுடுபேட்டைக்காரங்க இன்னும் காத்துக்கினுதான் இருக்காங்க."

நாயுடுபேட்டைக்காரர்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கமான பையன். கடையைப் பற்றிச் சொன்னபோது, கல்யாணத்துக்கு அப்புறம் காபியை வீட்டிலேயே போடலாமே என்றான். அன்றையிலிருந்து தேவசேனா முன்னைவிடக் கவனமாக டிகாக்ஷன் இறக்கினாள்.

கடை திறந்த அன்றே அவள் ஒரு தப்பு செய்துவிட்டாள். வெள்ளைச் சட்டையில் வந்து, கண்ணை மூடிக் காபி குடித்த ஒரு பெரியவரிடம், சென்னை ஆபீசில் கற்றுக்கொடுத்த பணிவோடு கேட்டாள்: "எப்படி இருக்கு சார்? ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க."

வேதாச்சலம் சொல்ல ஆரம்பித்தார். இன்னும் முடிக்கவில்லை.

காலையில் ஷட்டர் முழுசாக ஏறுவதற்குள் குனிந்து உள்ளே வருவார். ஃபேனுக்குக் கீழே இருக்கிற நல்ல மேஜையில் உட்கார்ந்து, காபியை ஒரு வாய் குடித்து, மேல்கூரையைப் பார்த்து, "ம்" என்பார். அந்த 'ம்' என்ன ரகம் என்று தெரிகிறவரை தேவசேனாவுக்குக் கை ஓடாது. பிறகு அவர் எழுந்து ஃபேன் வேகத்தைக் குறைப்பார், தினசரியை நாலாகப் பிரித்து நாலு மேஜைக்கும் போடுவார், உள்ளே வருகிறவர்களைப் பெண் வீட்டுக்காரர் போல வாசலுக்கே போய் வரவேற்று, எந்த ஊர், என்ன கேஸ், வக்கீல் யார், அந்த வக்கீலை ஏன் பிடித்தீர்கள் என்று விசாரித்து, அவர்கள் என்ன குடிக்க வேண்டுமென்பதையும் தீர்மானிப்பார். ஜோடியாக வந்து மூலையில் உட்கார்ந்தால் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குப் பேச விஷயம் இல்லாமல் போய்விடக் கூடாதே.

ஒருநாள் திருமலைக்குப் போய் மொட்டையடித்துத் திரும்பிய குடும்பம் ஒன்று வேனிலிருந்து இறங்கி வந்து டீ கேட்டது. தலைக்குத் தலை சந்தனம், மொத்தம் ஒரு மேஜைக்கு அடங்காத கூட்டம்.

"டீயா?" என்றார் வேதாச்சலம். "நம்ம கடைலயா?"

"டீயும் இருக்குது சார்," என்றாள் தேவசேனா.

"இருக்குது. ஆனா பெருமாள சேவிச்சுட்டு வந்தவங்களுக்கு அதக் கொடுக்கலாமா? நீயே சொல்லும்மா."

குடும்பம் மரியாதையாக வேனில் ஏறிக்கொண்டது. வேதாச்சலம் கடையின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில் இன்னொரு காபி சொன்னார்.

இணையத்திலும் அவர் சேவை உண்டு. யாராவது 'காபி பரவாயில்லை' என்று எழுதினால், எழுதியவரின் குடும்பத்தில் யாருக்காவது ருசி தெரியுமா என்று கேட்டுக் கீழே பதில் போடுவார். அவரே கடைக்கு மதிப்பெண் கொடுத்தபோது மட்டும் தேவசேனாவுக்குக் கண் இருட்டியது.

"மூணு ஸ்டார் போட்டிருக்கீங்களே சார்."

"நம்ம கடைக்கு நாமளே அஞ்சு போட்டுக்கினா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

இப்படிப்பட்ட அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சண்டை பிடிக்கிறவனைச் சண்டை பிடித்து விரட்டலாம். நல்லது நினைக்கிறவரை எதைச் சொல்லி விரட்டுவது? உகாதி நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச்சாரியில் வேறு, கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு, சுவரெல்லாம் இங்கிலீஷில் எழுதி, ஒரு பெரிய காபிக் கடை திறந்துவிட்டார்கள்.

அப்போதுதான் கல்பனா வந்தார். பக்கத்தில் ஒரு தனியார் காலேஜில் ஆபீஸ் பார்ப்பவர். காலேஜ் ஸ்டாஃப் முழுவதுக்கும் காலையும் மாலையும் காபி வேண்டும், ருசி பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். அந்த ஆர்டர் ஒன்று கிடைத்தால் போதும். நாயுடுபேட்டையை நிரந்தரமாக மறந்துவிடலாம். தேவசேனா டம்ளரைச் சுடுதண்ணீரில் கழுவி, அன்றைய முதல் டிகாக்ஷனில் காபி கலந்தாள். கொண்டுவந்து வைத்துவிட்டு, பால் பொங்கியதால் உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்தபோது நல்ல மேஜையில் வேதாச்சலம் கல்பனாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நாம ஒளிவுமறைவு இல்லாம சொல்லிட்றதும்மா. இன்னைக்குப் பால் சுமார். நேத்து இன்னும் சுமார். நீங்க திங்கக்கிழமை வாங்க, நான் நின்னு போடச் சொல்றேன்."

கல்பனா திங்கட்கிழமை வந்தார். எதிர்க்கடைக்கு.

அன்று மத்தியானம் தேவசேனா கடையைச் சாத்திவிட்டு, பஜாரில் இருக்கிற டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். அது வேதாச்சலத்தின் கடை. இப்போது மகன் மோகன்ராஜ் பார்க்கிறான். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோர்வையாகச் சேர்த்துவைத்திருந்தாள்.

"உங்க நைனாவப் பத்தி..." என்று ஆரம்பித்தாள்.

மோகன்ராஜ் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தான். "உக்காருங்க சிஸ்டர். நீங்க இவ்ளோ நாள் தாங்கினதே பெரிசு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? நாந்தான் அனுப்பிச்சேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "பிரேக் ஒயர் கேட்டு வந்தா, வண்டியவே வித்துடுன்னுவாரு. நம்ம செயின் சுமாருதான், வேலூர்ல நல்லது கெடைக்கும், போய் வாங்கிக்கோன்னு அட்ரஸ் எழுதிக் கொடுப்பாரு. யாவாரமே படுத்துப்போச்சு சிஸ்டர். திட்டினா கேக்கமாட்டாரு. அப்பதான் நீங்க கடை தொறந்தீங்க. 'நைனா, பாவம், ஒரு பொண்ணு தனியா கடை போட்டிருக்குது, எடுத்துச் சொல்றதுக்கு ஆளில்ல'ன்னேன். அவ்ளோதான். துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு கெளம்பிட்டாரு."

தேவசேனா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"எங்கனா அனுப்புங்க சிஸ்டர்," என்றான் மோகன்ராஜ். "இங்க மட்டும் வேணாம்."

மறுநாள் காலை அவள் வேதாச்சலத்துக்கு வழக்கத்தைவிடக் கெட்டியாக ஒரு காபி கலந்தாள். பக்கத்தில் நின்றுகொண்டு, போகிறபோக்கில் சொல்வது போலச் சொன்னாள்.

"எதிர்ல பெரிய கடை போட்டிருக்காங்க இல்ல சார், பாவம்."

"பாவமா? ஏசியெல்லாம் போட்டிருக்கான்?"

"ஏசி இருக்குது. மேனேஜர் கிரண்குமார் சின்னப் பையன். பீமவரத்துலேர்ந்து வந்தவராம். நம்ம ஊரு ருசி அவருக்கு எப்படித் தெரியும்? எடுத்துச் சொல்றதுக்கு ஆளில்ல."

வேதாச்சலம் டம்ளரைக் கீழே வைத்தார். மேல்கூரையைப் பார்த்தார். துண்டை உதறினார்.

"நீ தைரியமா இரும்மா," என்றார் வாசலில் நின்று. "நான் அப்பப்போ எட்டிப் பாக்கறேன்."

ரோட்டைத் தாண்டி அவர் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதைத் தேவசேனா பார்த்தாள். பாவம் செய்கிறோமோ என்று ஒரு கணம் தோன்றியது. பால் பொங்கியது. தோன்றியது போய்விட்டது.

சீக்கிரமே எதிர்க்கடையில் ஏசியின் குளிர் குறைந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த ஜோடிகளோடு ஒரு வெள்ளைச் சட்டையும் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்ட ஆரம்பித்தார்கள். ஒருநாள் கல்பனாவும் தாண்டி வந்தார்.

"நாளைலேர்ந்து நீங்களே காபி அனுப்பிடுங்கம்மா. அன்னைக்கு இங்க இருந்தாரே ஒரு பெரியவர், அவருதான் அங்க ஓனராம். நல்ல மனுஷன். இன்னைக்கு டிகாக்ஷன் சுமார்னு அவரே சொல்றாரு. ஓனரே சொன்னப்பறம் எப்படி வாங்கறது?"

தேவசேனா சிரிக்காமல் ஆர்டரை எடுத்துக்கொண்டாள். அது பெரிய காரியம்.

உகாதிக்கு முந்தின வாரம் கிரண்குமார் வந்தான். தன் கடையில் நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை என்று ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மேடம், அந்த சார் முன்னாடி உங்க கடைலதான் இருந்தாராமே. எப்படி மேடம்...?"

"மொத நாள் அவர எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம்."

"அதான்," என்றாள் தேவசேனா. பிறகு, ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்கிற பரிவோடு, "திருப்பதில புதுசா ஒரு கடை தொறந்திருக்காங்களாம். பாவம், எடுத்துச் சொல்றதுக்கு ஆளில்லையாம்," என்றாள்.

உகாதி வந்தது, போனது. கடை இருக்கிறது. நாயுடுபேட்டை மாப்பிள்ளைக்குப் பெண் கிடைத்துவிட்டது. வீட்டிலேயே காபி போடுகிறாள் என்று கேள்வி. வேதாச்சலம் தினமும் காலை ரயிலில், பாகாலா வழியாகத் திருப்பதி போய் வருகிறார். சீசன் டிக்கெட்டை மோகன்ராஜ் சந்தோஷமாக எடுத்துக் கொடுக்கிறான்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. அது தெரிந்ததுதான். நீங்கள் சொல்வதெல்லாம் அக்கறையில் சொல்வது, அதுவும் கேட்டால் மட்டும் சொல்வது, அதுவும் நல்லதற்குச் சொல்வது. ஆனாலும், உங்கள் காபிக் கடைக்காரரோ, மகனோ, மருமகளோ, ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரோ என்றைக்காவது வழக்கத்தைவிடக் கொஞ்சம் இனிமையாக, "அந்தப் பக்கம் ஒரு இடம் இருக்குதாம், உங்கள மாதிரி ஒருத்தர் இல்லாம கஷ்டப்படறாங்களாம்" என்று சொன்னால், தாராளமாகக் கிளம்புங்கள். வாசல் தாண்டியதும் ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்கள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.