நாலாவது பிறவிக்கு இருபது டாலர்

வியாழக்கிழமை என்றால் அமெரிக்காவின் ரீனோ நகரில் அந்தப் போக்கர் சீட்டு ஹால் வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. பத்து மணிப் போட்டிக்கு ஒன்பது மணிக்கே வரிசை. போன மாதம் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர்கூடக் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வருகிறார்.

"கல்லு வாங்கிட்டியா?"

"வாங்காம வருவேனா? ரெண்டு வாங்கிட்டேன்! ஒண்ணு சீட்டு மேல வைக்க, ஒண்ணு சட்டைப் பையில வைக்க."

சாதாரணக் கல் இல்லை ஐயா. மலையில் இடி விழுந்த பைன் மரத்தடியில் புரபசர் டெல்மர் குவிக் தன் கையாலேயே பொறுக்கியது. விலை ஐம்பது டாலர். போக்கர் ஆடுகிறவர்கள் தங்கள் சீட்டு மேல் எதையாவது பாரமாக வைப்பது வழக்கம். பழைய காசு, பீங்கான் தவளை, பேரனின் பால்பல், எது வேண்டுமானாலும் வைக்கலாம். இப்போது நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் புரபசரின் கல்லைத்தான் வைக்கிறார்கள். எந்தக் காலேஜ் புரபசர் என்று கேட்காதீர்கள். அங்கே யாரும் கேட்கவில்லை. வெள்ளைத் தொப்பி இருந்தது, கழுத்தில் நீலக்கல் தொங்கியது, குரல் கரகரத்தது. அதற்கு மேல் ஒரு பட்டமா வேண்டும்?

கல்லோடு ஒரு தத்துவமும் இலவசம். இந்தப் போட்டியில் இருபது டாலர் கட்டினால் பந்தயம் வைக்க ஒரு குவியல் சில்லு தருவார்கள். அதைத் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு இருபது கட்டி மறுபடி உட்காரலாம். ஊரெல்லாம் இதை ரீபை என்று சொல்லிக்கொண்டிருந்தது. புரபசர் வந்து 'பிறவி' என்று பெயர் மாற்றினார். முதல் மூன்று பிறவி பாவம் கழிக்க, நாலாவதுதான் யோகப் பிறவி என்றார். மூன்று தடவை சாகாதவனுக்குச் சீட்டு சிரிக்காதாம்.

விடுவார்களா ஜனங்கள்? பாவத்தைச் சீக்கிரம் கழிக்க வேண்டுமே! கையில் ஏழும் இரண்டும் வந்தால் போதும். போக்கரில் அதைவிடக் கேவலமான ஜோடி கிடையாது. அதை வைத்துக்கொண்டு மொத்தச் சில்லையும் நடுவில் தள்ளினார்கள். "செத்தேன்டா!" என்று குதித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். இழவுக்கு வாழ்த்துச் சொன்ன ஹால் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அத்தாட்சியும் இருந்தது. வாராவாரம் முதல் பரிசு வாங்கியவர் யார்? நாலாவது பிறவிக்காரர்! ஹால் முழுக்க நாலாவது பிறவிக்காரர்களாக உட்கார்ந்திருந்தால் ஜெயிக்கிறவன் மட்டும் செவ்வாய்க் கிரகத்திலிருந்தா வருவான் என்று ஒரு பிள்ளைப்பூச்சிகூடக் கேட்கவில்லை.

ஆர்வில் ஹாஸ்கட்டும் கேட்கவில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். நல்லவன்தான். நல்லவனுக்கு யோசிக்கும் வேலை கிடையாது என்று எவனோ அவனுக்குச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அவன் மனைவி வெர்னாவுக்குக் காது அடைத்து ஆறு வருடமாகிறது. காதுமிஷின் வாங்கவென்று காப்பித்தூள் டப்பாவில் தொள்ளாயிரம் டாலர் சேர்த்து வைத்திருந்தார்கள். மிஷின் வந்துவிட்டால் பேத்தியோடு போனில் பேசலாம் என்பது வெர்னாவின் ஒரே ஆசை. பணத்தைக் கட்டிவிட்டு வரச் சொல்லி டப்பாவை ஆர்வில் கையில் கொடுத்தாள். அதுதான் அவள் வாழ்நாளில் செய்த பெரிய தப்பு.

ஏழு வியாழக்கிழமை போயிற்று. "மிஷின் சிகாகோவுலேர்ந்து வரணும்" என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான். வாயால் சொல்லத் தைரியமில்லை. வெர்னா உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள், பொய்யையும் சேர்த்து. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரி. பாத்திரம் உருளுகிற சத்தத்தில் எந்தப் பிள்ளை எந்தக் கெட்ட வார்த்தை சொன்னது என்று உதட்டைப் பார்த்தே பிடித்தவள்.

எட்டாவது வியாழன். பத்தே முக்காலுக்கு ஆர்வில் மூன்றாவது முறையாக வெற்றிகரமாகச் செத்திருந்தான். டப்பாவில் மிச்சம் இருநூற்று சொச்சம். அதிலிருந்து ஒரு இருபதை உள்ளங்கையில் மடித்துக்கொண்டு காப்பி அண்டா பக்கம் நின்றான். மூன்று தடவை செத்தவர்கள் அங்கேதான் வரிசையாக நிற்பார்கள். புரபசர் ஒவ்வொருவர் காதிலும் வாக்கு ஓதுவார். வாங்கிக்கொண்டு போய் நாலாவது பிறவிக்குப் பணம் கட்டலாம். வாக்கை வெளியே சொன்னால் பலிக்காது. அது முதல் விதி.

புரபசரும் போட்டியில் ஆடுகிறவர்தான். ஆனால் ஜனங்களுக்காக ஆட்டத்தை விட்டுவிட்டு எழுந்து வருவார், எவ்வளவு பெரிய மனசு! நல்ல சீட்டு வந்த நேரத்தில் மட்டும் அந்தப் பெரிய மனசு நாற்காலியை விட்டு எழாது. அது வேறு விஷயம்.

"ஆர்வில்!"

திரும்பினான். வெர்னா. கையில் அவனுடைய காகிதங்களில் ஒன்று. அதன் பின்புறத்தில் மிஷின் கடைக்காரர் எழுதியிருந்தார்: உங்கள் பெயரில் மிஷினுக்கு யாரும் பணம் கட்டவில்லை.

ஆர்வில் இருபதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "வெர்னா, நான் சொல்றத..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் அந்தாளு வாயப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் பார்வை புரபசரின் உதட்டில் ஒட்டியிருந்தது. வரிசையில் முதலில் முடிவெட்டும் மேவிஸ். புரபசர் குனிந்தார், உதடு அசைந்தது, மேவிஸ் கண் கலங்கி நகர்ந்தாள். அடுத்து தபால்காரர் லாயிட். உதடு அசைந்தது, லாயிட் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். பிறகு இன்னும் மூன்று பேர். வெர்னாவின் உதட்டோரம் மெல்லத் துடித்தது. ஆர்விலுக்குத் தெரியும், அது சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் ரொட்டி திருடியவனைக் கண்டுபிடித்தபோதும் அப்படித்தான் துடிக்கும்.

ஆர்விலின் முறை வந்தது. வெர்னா அவனைத் தள்ளிவிட்டுத் தான் போய் நின்றாள்.

"எனக்குச் சொல்லுங்க ஐயா. இவனுக்குப் பதிலா."

"அம்மணி, இது மூணு தடவை செத்தவங்களுக்கு மட்டும்."

"இவன் கூட நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். மூணு தடவதானா செத்திருப்பேன்?"

வரிசை சிரித்தது. புரபசர் வேறு வழியில்லாமல் அவள் காதருகே குனிந்து முணுமுணுத்தார்.

"என்னது? கேக்கல! சத்தமா சொல்லுங்க!"

"உஸ்ஸ்! ரகசியம் அம்மணி!"

"ரகசியமா? எனக்குத்தான் தெரியுமே!" வெர்னா ஹாலைப் பார்த்துத் திரும்பினாள். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அன்றைக்கு அது ரொம்பவும் நல்லதாகப் போயிற்று. "ஏம்ப்பா, கல்லு வாங்கினவங்க எல்லாரும் இங்க பாருங்க! இத்தன வாரமா உங்க காதுல சொன்ன வாக்கு உங்க ஒருத்தருக்குத்தானே?"

"ஆமா" என்றாள் மேவிஸ். "எனக்கு மட்டும்."

"எனக்கு மட்டும்" என்றார் லாயிட், கோபத்தோடு.

"அப்ப ஒரே ஒரு பரீட்சை. நான் மூணு எண்ணுவேன். எல்லாரும் ஒண்ணா, அவங்கவங்க வாக்கச் சத்தமா சொல்லணும். நிஜ வாக்குன்னா இடியே விழுந்தாலும் பலிக்கும். சும்மா சொன்னா ஓடிப்போற வாக்க வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"சொல்லாதீங்க! யோகம் போயிடும்!" என்று புரபசர் கையை வீசினார்.

"போறது அதுவா, நீயா?" என்று லாயிட் முறைத்தார். தபால்காரருக்குக் கடிதம் திறக்காமல் இருக்கத் தெரியும், ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் தூக்கம் வராது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு!"

முப்பத்தைந்து தொண்டை ஒரே நேரத்தில் திறந்தது.

"இன்னைக்கு உன் நாள்! நாலாவது பிறவி! கடைசிக் கை உன்னுது!"

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல ஒரு எழுத்து பிசகவில்லை. காப்பி அண்டாவின் மூடி அதிர்ந்தது.

வெர்னா காதைத் தேய்த்துக்கொண்டாள். "அட, எனக்கே கேட்டுடுச்சே!"

மேவிஸ்தான் முதலில் பேசினாள். "கடைசிக் கை ஒண்ணுதானே இருக்கும்? முப்பத்தஞ்சு பேருக்கு எப்படி..."

"அதோட நிறுத்தாதே. அவருகிட்ட எத்தனையாவது பிறவின்னு கேளு" என்றாள் வெர்னா.

எல்லார் கண்ணும் புரபசரின் நாற்காலிக்கு முன்னால் இருந்த சில்லுக்குப் போயிற்று. கழுத்தளவு கோபுரம். அதன்மேல் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. ஹால் மேனேஜர் கான்சுவேலா ஏட்டைப் புரட்டினாள். "இவரு ஒரு தடவகூட மறுபடி பணம் கட்டினதே இல்ல. போன ஏழு வாரமும் ரெண்டாவதோ மூணாவதோ வந்து பரிசு வாங்கியிருக்காரு."

ஜனங்கள் மூன்று முறை சாவதற்குக் கட்டிய பணமெல்லாம் பரிசுக் குவியலில் விழுந்தது. அவர்கள் ஏழையும் இரண்டையும் வைத்துக்கொண்டு தள்ளிய சில்லெல்லாம் நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தவர் மடியில் விழுந்தது. கல் வியாபாரம் பலகாரம், இதுதான் சாப்பாடு. புரபசர், இனிமேல் வெறும் டெல்மர் போதும், தொப்பியைக்கூட எடுக்காமல் கதவை நோக்கி நழுவினான். முட்டி ஆபரேஷன்காரர் கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். கான்சுவேலா அவன் பையிலிருந்து கல்லுக்கு ஐம்பது ஐம்பதாகத் திருப்பி எண்ண வைத்துவிட்டுத்தான் வெளியே விட்டாள், இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று.

ஆனால் தோற்ற ரீபை பணம் தோற்றதுதான். ஆர்வில் மடித்த இருபதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தில் பதினொன்றுக்கு மூன்று நிமிடம், அதன் பிறகு பணம் வாங்கமாட்டார்கள்.

"வெர்னா, இவ்வளவு விட்டாச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை கட்டினா எல்லாத்தையும் எடுத்துடலாம்..."

"விட்டத எடுக்க முடியாதுடா. அப்பம் கருகிப் போச்சுன்னா அது மேலயே மறுபடி மாவ ஊத்துவியா? புதுசா ஒண்ணு சுடறது லாபமா இல்லியான்னுதானே பாப்பே? அங்க பாரு, ஒவ்வொருத்தன் முன்னாலயும் உனக்கு வர்றதைவிடப் பத்து மடங்கு சில்லு. இருபது டாலர்ல வர்ற சில்ல வச்சு நீ என்ன கிழிக்கப் போற?"

ஆர்வில் மேஜையைப் பார்த்தான். எட்டு வாரத்தில் முதல் முறையாக நிஜமாகப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் முட்டாள் வெர்னா. உன் காதை நான் சூதாடிட்டேன்."

"முகத்தைத் திருப்பாதே, உதடு தெரியல. மறுபடி சொல்லு" என்றாள் வெர்னா. சொல்ல வைத்தாள், இரண்டு தடவை. பிறகு இருபதைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஆர்வில் தன்னுடைய மீன்பிடிப் படகை விற்றான். மிஷின் வந்தது. அதை மாட்டிக்கொண்டு வெர்னா முதலில் பேத்தியோடு ஒரு மணி நேரம் போனில் பேசினாள். பிறகு காப்பி குடிக்க ஆர்விலோடு வெளியே வந்தாள். பக்கத்து மேஜையில் லாயிட் மேவிஸிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"டெல்மர் ஃபிராடுதான், ஒத்துக்கறேன். ஆனா கல்லு? இடி விழுந்த கல்லுல ஏதோ ஒரு சக்தி இருக்கத்தானே செய்யும்?"

வெர்னா மிஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஏன், வேலை செய்யலியா?" என்றான் ஆர்வில் பதறி.

"நல்லா செய்யுது. லாயிட்! காதுக்குத்தான்யா கடையில மிஷின் வாங்கணும். மூளைக்கு வாங்க வேணாம், பொறக்கும்போதே மாட்டித்தான் அனுப்பியிருக்கு. கழட்டி வைக்காம இருந்தா போதும்!"