பத்து கனெக்‌ஷனையும் பிடித்து வைத்த நன்றி மெயில்

என்மேல் ஒருநாளும் நம்பிக்கை வைக்காத அன்பு மச்சானுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். அங்கே உங்கள் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் அடக்கமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை முழுக்க உங்கள் தங்கையின் கேக் கடையில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால், மடிக்கணினியோடு ஒளிந்திருந்தேன். அன்றுதான் கடையின் ஆன்லைன் ஆர்டருக்கு முதல் நாள். "எங்க ஆபீஸ் ஆளை அனுப்பறேன் மாப்ளே" என்று நீங்கள் கெஞ்சியும் கேட்காமல் தளத்தைக் கட்டியவன் அடியேன். பத்து ஆர்டர் வந்தது, அவ்வளவுதான், தளம் உறைந்துபோய் நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னங்க, போன்ல எல்லாரும் திட்றாங்க. எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"சர்வரைப் பாத்துட்டு இருக்கேன்மா!"

"மாவு மூட்டைக்குப் பின்னாடி என்ன சர்வரு? மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா எங்கண்ணன் ஆளுக்கு போன் போட்டுருவேன்."

மானப் பிரச்சினை மச்சான். அப்புறம் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு?

விஷயம் இதுதான். ஆர்டரெல்லாம் இருப்பது டேட்டாபேஸில். அதோடு பேச ஒரு கனெக்‌ஷன் வேண்டும். மொத்தம் பத்துதான் வைத்திருந்தேன். ஒருவர் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவர் எடுக்க முடியும். இதில் என் அதிமேதாவித்தனம், ஆர்டர் போட்ட ஒவ்வொருவருக்கும் பின்னணியில் ஒரு நன்றி மெயில். அந்தப் பின்னணி வேலை கனெக்‌ஷனை எடுக்கும், முகவரியைப் படிக்கும், மெயிலை அனுப்பித்தரும் கம்பெனியிடம் நீட்டும், அவர்கள் பதில் சொல்லும்வரை கனெக்‌ஷனை விடாமல் நிற்கும். அன்றைக்குப் பார்த்து மெயில் கம்பெனிக்காரன் வாயே திறக்கவில்லை. ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தும், பின்னால் ஆள் நிற்க நிற்க, பல் குத்தியபடி நாற்காலியைத் தேய்ப்பீர்களே, அதே கதை!

கண்டுபிடித்துவிட்டேன் மச்சான். முகவரியைப் படித்தவுடன் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடு, அப்புறம் மெயிலுக்குக் காத்திரு, பதில் வந்தால் மறுபடி எடுத்து, மெயில் போனதைக் குறித்துக்கொள். பின்னணி வேலைக்கு இரண்டு கனெக்‌ஷனுக்கு மேல் கிடையாது. மற்ற எட்டும் வாடிக்கையாளருக்கே. இப்படி மாற்றி எழுதி, கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினேன். வட்டம் நின்றது! ஆர்டர் கொட்டியது! உங்கள் தங்கை வெண்ணெய்க் கையோடு ஓடி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "பரவால்லையே, உங்களுக்கும் மூளை இருக்கு!" மாலைக்குள் கேக்கெல்லாம் காலி. மாவு பூசிய முகத்தோடு கடை நடுவில் ஒரு ஆட்டம் போட்டேன், கேக் வாங்க வந்த பல் டாக்டர் கைதட்டினார்.

ஆகவே உங்கள் ஆபீஸ் ஆளை வேறு உருப்படியான வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நடக்கும் உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் கவனித்தேன். நான் திருத்தியது என் மடிக்கணினியில் இருந்த தளத்தின் பிரதியை. கடையின் சர்வரில் இன்னமும் பழையதுதான் ஓடுகிறது. அன்று மத்தியானம் மெயில் கம்பெனி தானாகவே சரியாகிவிட்டதாம்.