ஒன்பதாவது வரி

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் நானும் ஒரு கோளாக வேண்டும்!

என் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோள்களை வைத்து டேட்டாபேஸ் கற்றுக்கொடுக்கிறாள். கோளுக்கு ஒரு வரி. வரிக்குள் பெயர், சூரியனிலிருந்து தூரம், வெப்பம், நிலா எத்தனை என்று கட்டங்கள். இது ஆரம்பித்ததிலிருந்து சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே மனைவி இல்லை, லேப்டாப்பின் முதுகுதான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"சனிக்கிழமை ரெண்டு பேரும் எங்கேயாவது போவோமா?"

"சனிக்கு இன்னும் நிலா போடலைங்க!"

காலி வீட்டில்கூட இருந்துவிடலாம். ஆள் இருந்தும் பேச்சில்லாத வீடு ரொம்ப மோசம்.

அவள் குளிக்கப் போனதும் எட்டுக் கோளுக்குக் கீழே ஒன்பதாவது வரியைச் சேர்த்தேன். பெயர்: கணவன். தூரம்: ஒரே வீடு. வெப்பம்: குளிர். நிலா: கிடையாது. படித்ததும் மனசு இளகும், சனிக்கிழமை எனக்குத்தான். இதுதான் திட்டம்.

வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தாள்.

"உங்க வரியைப் பசங்க கண்டுபிடிச்சிட்டாங்க."

"வகுப்புலயா திறந்தே?" மானம் கப்பலேறியது.

"யார் எழுதினாலும் சரிபார்க்காம நம்பக்கூடாதுன்னு சொல்லிக்கொடுத்திருக்கேனே! நாளைக்கு வீட்டுலயே இருங்க."

இருக்கச் சொல்லிவிட்டாள்! மறுநாள் காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு சோபாவில் உட்கார்ந்தேன்.

மணி அடித்தது. வாசலில் ஆறு வாண்டுகள். கையில் அளவு நாடா, தெர்மாமீட்டர். என் மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"நிலா கிடையாதுன்னு எழுதியிருந்தீங்களே, ஆறு வரவழைச்சிருக்கேன். நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன். பசங்களா, ஒரு கட்டத்தைக்கூடச் சரிபார்க்காம விடக்கூடாது!"

போகும்போது லேப்டாப்பை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

ஒரு பையன் என் அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகினான். "குளிர்னு பொய் எழுதியிருக்கீங்க அங்கிள். எல்லாருக்கும் இருக்கிற சூடுதான்."

ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். மறுமுனையை இழுத்துக்கொண்டு கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் தேடிவிட்டு வந்தாள்.

"அங்கிள், உங்க சூரியன் எங்கே?"

"வெளியே போயிருக்கு."

"வந்தா, நீங்க அதைச் சுத்துவீங்களா?"

"இல்லம்மா. இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி என் வரியை அழித்தாள்.

"அப்போ நீங்க கோளே இல்ல, அங்கிள்."